சுப்பர்வைசரா, கொந்தராத்தா?

களுவாஞ்சிகுடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வயது 34. பதினான்கு வருடமாக வெல்டிங் வேலை, அதில் ஆறு வருடம் கட்டாரில். கையில் சான்றிதழ் எதுவும் இல்லை. இப்போது கல்முனையில் ஒரு வேலைத்தலத்தில் நாள் சம்பளத்துக்கு நிற்கிறார். முதலாளி அவரைச் சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலைக்கு 60க்கு 40 அடிக் கொட்டில் போடும் வேலைக்கு சுப்பர்வைசராகப் போகச் சொல்கிறாராம். கீழே ஏழு பேர். அதில் ஒருவர் சொந்த மச்சான், இன்னொருவர் இவருக்குத் தொழில் பழக்கியவர். இதற்கிடையில் சம்மாந்துறை ஆலைக்காரர் ஒருவர், "நீங்களே கூலிக் கொந்தராத்தா எடுங்க தம்பி, சதுர அடிக்கு இவ்வளவு தாறன்" என்று தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். அதுவும் 60க்கு 40. "எதை எடுப்பது அண்ணன்? நேற்று வரை கூட நின்றவர்களுக்கு எப்படிக் கட்டளை போடுவது? அந்த விலை கட்டுமா? கொந்தராத்து எடுப்பதென்றால் மனைவியின் நகையை அடகு வைத்து ஒரு வெல்டிங் பிளான்டும் ஜெனரேற்றரும் வாங்கலாமா?" என்று கேட்கிறார்.

தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டாம் தரம்தான் நீங்கள் எழுதாமல் தாண்டிப் போன இடம் கண்ணில் பட்டது. முதலாளி உங்களை அனுப்பப் பார்க்கிற கொட்டிலும், அந்த ஆலைக்கார ஹாஜியார் உங்களுக்குத் தாறேன் என்கிற கொட்டிலும் ஒரே கொட்டில். ஊர் ஒன்று, அளவு ஒன்று. நீங்கள் மறைத்தீர்கள் என்று சொல்லவில்லை, எழுதக் கூச்சமாக இருந்திருக்கும். அந்தக் கூச்சத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது.

அதை எடுக்காதீர்கள். நியாயம் பேசுவதற்காகச் சொல்லவில்லை, கணக்காகவே சொல்கிறேன். உங்கள் முதலாளி இரும்பு எடுக்கிற ஹார்ட்வெயார் கடையில்தான் நாளைக்கு நீங்களும் கடன் கேட்டு நிற்க வேண்டும். முதலாளி அளவெடுத்து, கீறி, விலை கொடுத்த வேலையை அவருடைய ஆளே கழற்றிக்கொண்டு போனான் என்ற கதை உங்களுக்கு முன்னாலேயே அந்தக் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மற்றது, உங்கள் முதலாளியைச் சுற்றிக்கொண்டு உங்களிடம் வந்தவர், அடுத்த கொட்டிலுக்கு உங்களைச் சுற்றிக்கொண்டு உங்கள் மச்சானிடம் போவார். அவரிலும் பிழை இல்லை. வியாபாரி, சதுர அடிக்குப் பத்து ரூபாய் குறையுமென்றால் கேட்டுப் பார்க்கத்தான் செய்வார். "இது முதலாளிட வேலை ஹாஜியார், நான் நின்று ஒழுங்கா முடிச்சுத் தாறன். பிறகு வேற வேலை இருந்தா என்னை நினைங்க" என்று நேரே சொல்லிவிடுங்கள்.

ஆக, சுப்பர்வைசராகப் போங்கள்.

பதினான்கு வருடம் ஒட்டினவனுக்கு இது என்ன பெரிய வேலை என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்குக் கீழே முதன்முதலில் ஆள் விட்டபோது நான் செய்த பிழை, வெல்டிங் ஹோல்டரைக் கீழே வைக்காதது. வேலை பிந்திக்கொண்டிருந்தது. ஒட்டுகிற பொடியன்களின் கை எனக்குப் பிடிக்கவில்லை. "விடு, நான் போடுறன்" என்று முகமூடியைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். எனக்குப் பின்னால் பத்து அடியில் ஒரு பொடியன், இரும்பு வெட்டும் சின்னக் கிரைண்டரின் கவரைக் கழற்றிப் போட்டு, ஏழு அங்குல டிஸ்க்கை அதில் மாட்டிக்கொண்டிருந்திருக்கிறான். சின்னக் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடும். ஏழு அங்குல டிஸ்க் தாங்குவது 8,500. அந்த எண்ணை டிஸ்க்கிலேயே அச்சடித்திருப்பார்கள். அவன் வாசிக்கவில்லை, வாசித்துச் சொல்ல வேண்டிய நான் முகமூடிக்குள் இருந்தேன். முகமூடிக்குள் இருப்பவனுக்குத் தெரிவது ஒரு ரூபாய்க் குத்தியளவு வெளிச்சம் மட்டும்தான். அரை டிஸ்க் அவன் தாடையைக் கிழித்துக்கொண்டு போய்ச் சுவரில் இருந்த ஷீட்டில் குத்தி நின்றது. பதினொரு தையல். இரண்டு விரற்கடை கீழே பட்டிருந்தால் கழுத்து.

அதனால் அந்தக் கொட்டிலில் நீங்கள் ஒட்டாதீர்கள். ஒரேயொரு மூட்டைத் தவிர. முதல் நாள் காலையில் முதல் ட்ரஸ்ஸின், அதாவது கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின், ஒரு மூட்டை நீங்களே ஒட்டி, மேலே படிந்த சிலாக்கைத் தட்டி, பிரஷ் போட்டு, அதைச் சுற்றிச் சோக்கட்டியால் ஒரு வட்டம் போடுங்கள். "இந்த மாதிரி" என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு ஹோல்டரைக் கொடுத்துவிட்டு நடந்து திரியுங்கள். கை துறுதுறுக்கும். வேலை செய்யாமல் சம்பளம் வாங்குகிறேனோ என்று மனம் குறுகுறுக்கும். அது ஒரு கிழமையில் சரியாகிவிடும்.

இனி ஆட்கள். நேற்று வரை தோளில் கை போட்டுப் பிளேன்டீ குடித்தவனுக்கு இன்றைக்குக் கட்டளை போடுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குத் தொழில் பழக்கியவரைப் பற்றி முதலில் சொல்கிறேன், அவர்தான் சாவி. அவருக்கு ஒருநாளும் துண்டு துண்டாக வேலை சொல்லாதீர்கள். தூண் நிறுத்துவது, அடிப் பிளேற் பொருத்துவது, தூக்குநூல் பார்ப்பது என்று ஒரு முழுப் பகுதியை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். காலையில் போய், "அண்ணன், இன்றைக்கு எத்தனை தூண் நிறுத்தலாம்?" என்று கேளுங்கள். அவர் சொல்கிற எண்ணைக் கொப்பியில் எழுதுங்கள், அவர் பார்க்க எழுதுங்கள். மச்சானை அவருக்குச் சோடியாக விடுங்கள். உங்களிடம் பகிடி விட்டுக்கொண்டு பத்து மணிக்கு வருகிறவர் அவரிடம் அப்படி வர மாட்டார். சம்பளம் குறைப்பதாக இருந்தால் முதலில் குறைவது மச்சானுக்குத்தான் என்பதும் மற்ற ஆறு பேருக்கும் தெரிய வேண்டும். வீட்டில் ஒரு மாதம் முகம் சுளிப்பார்கள், தாங்கிக்கொள்ளுங்கள்.

பிழை கண்டால் ஆளைக் கூப்பிட்டுச் சத்தம் போடாதீர்கள். ஒட்டுக்குப் பக்கத்தில் சோக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு நடங்கள். கோடு கண்ட இடத்தைக் கிரைண்டர் பிடித்து மறுபடி ஒட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் பொது. நீங்கள் ஒட்டிய மூட்டிலும் யாராவது கோடு போடலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போடுவார்கள், பாருங்கள். உங்களைப் பழக்கியவர்தான் முதலில் போடுவார்.

கட்டாரில் நீங்கள் தலைக்கவசம், அனுமதிச் சீட்டு, காலைக் கூட்டம் எல்லாம் பார்த்திருப்பீர்கள். எல்லாவற்றையும் சம்மாந்துறைக்குக் கொண்டுவந்தால் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். மூன்றை மட்டும் கொண்டுவாருங்கள், ஆனால் அந்த மூன்றில் ஒரு அங்குலமும் விடாதீர்கள். கிரைண்டரில் கவர் இருக்க வேண்டும். கூரையில் ஏறினவனுக்குப் பாதுகாப்புப் பெல்ட்டும் கயிறும் இருக்க வேண்டும். கரண்ட் எடுக்கிற இடத்தில் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்க வேண்டும். வேலை தொடங்குவது ஐப்பசி, கார்த்திகை என்றால் நம்முடைய பக்கம் வெள்ளம் நிற்கிற காலம். நனைந்த கையுறையோடு ஈர இரும்பில் குந்தியிருந்து வெல்டிங் ரொட் மாற்றுகிறவனை அந்த ட்ரிப் சுவிட்ச்சும் காப்பாற்றாது, ஏனென்றால் அவனைப் பிடிப்பது பிளான்டின் வெளிப்பக்கக் கரண்ட். மழை பெய்தால் வேலை நிற்க வேண்டும், அவ்வளவுதான். எர்த் கிளாம்பை ஒட்டுகிற துண்டிலேயே பிடியுங்கள், நாலு தூண் தள்ளி எங்கேயோ பிடிக்காதீர்கள். ரொட் பெட்டியைத் திறந்து தரையில் வைத்தால் மாரியில் ஒரு இரவு போதும், அடுத்த நாள் பொரிந்து தள்ளும். பழைய பிரிட்ஜ் ஒன்றுக்குள் ஒரு குண்டு பல்பைப் போட்டு ரொட்டை அதற்குள் வைத்துப் பூட்டுங்கள், சாதாரண 6013 ரொட்டுக்கு அது போதும்.

சிங்க் பூசின இரும்பை மூடின இடத்தில் ஒட்டினால் இரவில் குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் வராது என்பது நம் ஆட்களின் நம்பிக்கை. பாலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒட்டுகிற இடத்துச் சிங்க்கைச் சுரண்டி விட்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று ஒட்டச் சொல்லுங்கள். ஒளி பட்டுக் கண்ணில் மணல் போட்ட மாதிரி எரிகிறவனுக்கு உருளைக்கிழங்கு வெட்டி வைக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

இனி நீங்கள் கேட்ட விலைக்கு வருவோம். ஹாஜியார் சொன்ன சதுர அடி விலை கட்டுமா என்கிறீர்கள். 60க்கு 40 என்றால் 2,400 சதுர அடி. இந்த 2,400 சதுர அடிக்கு உங்கள் ஏழு பேர் எத்தனை ஆள்நாள் எடுப்பார்கள்? இந்த எண் இல்லாமல் எந்த விலையைப் பார்த்துக் கூட என்றும் குறைவு என்றும் சொல்வது? பதினான்கு வருடம் ஒட்டிய உங்களிடம் அந்த எண் இல்லை, ஏனென்றால் அது இதுவரை முதலாளியின் தலைக்குள் இருந்தது. இந்தக் கொட்டிலில் அதை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முதலாளி உங்களுக்குச் சம்பளமும் தருகிறார்! 80 பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். யார் யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு, என்ன முடிந்தது, எத்தனை ரொட், எத்தனை டிஸ்க், எதனால் நின்றது. மழையா, கரண்ட் போனதா, லொறி வரவில்லையா, ஹாஜியார் வந்து கதவை இந்தப் பக்கம் மாற்றச் சொன்னாரா? அந்தக் கடைசிக் காரணத்தைக் கட்டாயம் எழுதுங்கள். பில் கொடுக்கும்போது சண்டை வருவது அதில்தான்.

அளவிலும் ஒரு விசயம். 20 அடி பார் என்று கடையில் சொல்வார்கள். சில பார் 6 மீற்றர்தான் வரும். 6 மீற்றர் என்பது 19 அடி 8 அங்குலம். ஒரு பாருக்கு நாலு அங்குலம்தானே என்று விடுவீர்கள். கொட்டில் நீளம் 60 அடி, ஒரு வரி பெர்லினுக்கு (கூரை ஷீட்டைப் பூட்டும் குறுக்கு இரும்பு) மூன்று பார் என்று கணக்குப் போட்டால் வரிக்கு 11 அங்குலம் குறையும். கூரைக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 16 வரி என்றால் 15 அடி இரும்பு குறைவு, அதற்கு இன்னொரு பார். பார் போகட்டும், அதை 16 துண்டாக வெட்டி, உயரத்தில் தொங்கிக்கொண்டு 16 மேலதிக மூட்டு ஒட்ட வேண்டும். ஒரு நாள் போச்சு. லொறியிலிருந்து இறக்கும்போதே அளவு நாடாவைப் பிடியுங்கள். தடிப்பையும் பாருங்கள். 50க்கு 50 பொக்ஸ் பார், 2 மில்லிமீற்றர் என்றால் 6 மீற்றருக்குக் கிட்டத்தட்ட 18 கிலோ நிற்க வேண்டும். 14½ கிலோ நின்றால் உங்களுக்கு வந்தது 1.6. அரிசி ஆலையில் தராசுக்கா பஞ்சம்? தூக்கி வைத்துப் பாருங்கள்.

சரி, கொட்டில் முடிந்தது. கொப்பியும் கையில் இருக்கிறது. அப்போது கொந்தராத்து பற்றிக் கதைக்கலாம். என் கதை ஒன்றைச் சொல்கிறேன். 2004 டிசம்பர் கடல் வந்து போன பிறகு, கல்லடி தொடங்கி மருதமுனை, காரைதீவு வரைக்கும் எங்கே பார்த்தாலும் வீடு கட்டினார்கள். பிளான்ட் வைத்திருந்தவன் எல்லாம் கொந்தராத்துக்காரன். நானும் ஒரு வீட்டுத்திட்டத்தில் 40 வீட்டுக்கு ஜன்னல் கிறில் எடுத்தேன், ஒரு கிறிலுக்கு இவ்வளவு என்று. இரும்பைச் சரியாகக் கணக்குப் பார்த்தேன். துருப்பிடிக்காமல் அடிக்கிற இரண்டு பூச்சு ரெட் ஒக்சைட்டை மறந்தேன். லொறிக் கூலியை மறந்தேன். மேசன் விட்ட ஓட்டை ஒவ்வொன்றும் அரை அங்குலம் கூடக் குறைய இருக்கும் என்பதை மறந்தேன், 40 வீட்டிலும் மறுபடி வெட்டி ஒட்டினேன். அதையெல்லாம்கூடச் சமாளித்திருப்பேன். கடைசிக் கொடுப்பனவு வர வேண்டிய நேரத்தில் திட்டம் முடிந்து, அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். என்னுடைய இலாபம் முழுக்க அந்தக் கடைசிக் கொடுப்பனவில்தான் இருந்தது. ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க மோட்டார் சைக்கிளை விற்றேன்.

ஆகவே முதல் கொந்தராத்தைக் கூலிக் கொந்தராத்தாகவே எடுங்கள். இரும்பு, ஷீட், பெயின்ட் எல்லாம் வீட்டுக்காரர் வாங்கட்டும். 2022இல் டொலர் சில கிழமைக்குள் 200 ரூபாயிலிருந்து 360ஐ எட்டியபோது, சாமானோடு விலை கொடுத்திருந்தவர்கள் நடு வேலையில் நின்று தலையில் கை வைத்தார்கள். கூலிக்கு மட்டும் எடுத்தவர்கள் தப்பினார்கள். பின்னர் என்றாவது சாமானோடு விலை கொடுத்தால், இந்த விலை இத்தனை நாளைக்குத்தான் என்று கொட்டேஷனில் எழுதுங்கள். நான் ஏழு நாளுக்கு மேல் எழுதுவதில்லை.

கூலிக் கொந்தராத்திலும் ரொட், டிஸ்க், சாரம், கரண்ட், சாப்பாடு, போக்குவரத்து யாருடையது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுத வேண்டும். "எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் தம்பி" என்கிறவர் நல்ல மனிதராகவே இருக்கலாம், ஆனால் முடிவில் பார்த்துக்கொள்வது நீங்கள்தான். பணத்தைத் துண்டு துண்டாகக் கேளுங்கள். தூண் நின்றதும் ஒன்று, ட்ரஸ் ஏறியதும் ஒன்று, பெர்லின் முடிந்ததும் ஒன்று, ஷீட் போட்டதும் மிச்சம். உங்கள் கையிலிருந்து எந்த நேரத்திலும் ஒரு கிழமைக் கூலிக்கு மேல் வெளியே நிற்காதபடி அந்தத் துண்டுகளை அமைக்க வேண்டும். நாள் குறிக்கும்போது ஊர் நாட்காட்டியைப் பக்கத்தில் வையுங்கள். வைகாசிக் குளிர்த்திக்கும் ஆடி அமாவாசைக்கும் ஆள் வராது, நோன்பு காலத்தில் பின்னேர வேலை ஓடாது. ஆலை வேலை என்றால் பெரும்போக நெல் வருவதற்கு முன் முடித்தாக வேண்டும், அதற்கு மேல் அவர் ஒரு நாளும் தர மாட்டார்.

கடிதாசி வேலை கொஞ்சம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியுங்கள், வங்கியில் அந்தப் பெயருக்குக் கணக்குத் திறக்கலாம். ஆள் வைத்து வேலை செய்விக்கத் தொடங்கினால் நீங்கள் தொழில்தருநர். ஒரு ஆள் என்றாலும், நாள் சம்பளம் என்றாலும் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) உண்டு. அவர் சம்பளத்தில் 8 வீதம், உங்கள் பங்கு 12 வீதம், அதோடு ஈ.ரி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம். அதாவது ஒரு ஆளின் கூலிக்கு மேல் உங்கள் கையிலிருந்து 15 வீதம் போகிறது. நம் பக்கம் பலர் இதைக் கட்டுவதில்லை என்பது எனக்கும் தெரியும். விலை போடும்போதே அதைச் சேர்த்துப் போடாததால்தான் கட்ட முடியாமல் போகிறது. ஆள் விழுந்தால் நட்டஈடு கொடுக்க வேண்டியவரும் நீங்கள்தான், ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் தொழிலாளர் காப்புறுதி ஒன்று எடுத்துவிடுங்கள். அரசாங்க வேலைக்குச் சீடா (கட்டுமானத் தொழில் அபிவிருத்தி அதிகாரசபை) பதிவு கேட்பார்கள், அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. ஆனால் உங்கள் கையில் சான்றிதழ் எதுவும் இல்லை என்று எழுதியிருந்தீர்களே, அதைத் தள்ளிப் போடாதீர்கள். முன்அனுபவத்தை வைத்துச் சோதித்து என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கிற வழி இருக்கிறது. அரசாங்கத் தொழிற்பயிற்சி அதிகாரசபையான நைட்டாவின் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். கட்டார் நிறுவனத்தின் சேவைக் கடிதம், நீங்கள் செய்த வேலைகளின் படங்கள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். அந்தக் கொட்டிலையும் தூண் நிறுத்தும் நாளிலிருந்தே படம் எடுத்து வையுங்கள்.

நகை. வேண்டாம். கூலிக் கொந்தராத்துக்கு இரண்டு இன்வேர்ட்டர் பிளான்ட் போதும், வீட்டுக் கரண்டில் ஓடும், இரண்டு மனிதர் சுமக்கத் தேவையில்லை. ஜெனரேற்றரை நாள் வாடகைக்கு எடுங்கள், அந்த வாடகையை விலையில் சேருங்கள். எடுக்கும்போது கடைக்காரர் முன்னாலேயே ஓடவிட்டு, ஒரு ரொட் முழுக்க எரித்துப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.